ரங்கூன்ல 3வது மாடி எக்சர்சைஸ் கிளாஸ்: அத்தைய கூட்டிட்டுப் போன 4 மாசக் கதை

கிளாஸ் பேரு இங்க போடல, வேணுங்கிறவங்க தனியா கேளுங்க சொல்றேன், ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன். இடம் டவுன்டவுன், அனோரத்தா ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்து, காளியம்மன் கோயில்ல இருந்து நடந்தே போயிரலாம். வாரத்துல 3 நாள், காலைல 7 மணி, 45 நிமிஷம், மாசம் 60,000 கியாட். மூட்டு வலி, சுகர், பிரஷர் இருக்கற வயசானவங்களுக்குன்னு வாசல்ல போர்டு. அப்படி போர்டு வெச்சுட்டு கிளாஸ 3வது மாடில நடத்துறாங்க, லிஃப்ட் கிடையாது. திட்டு இங்கயே ஆரம்பிச்சிருச்சு பாருங்க.

எங்க அத்தை மாண்டலே, பர்மால ரங்கூனுக்கு வடக்க இருக்கற பெரிய ஊரு. 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை மதியம் 12:50க்கு 7.7 நிலநடுக்கம் வந்தப்ப ரெண்டாவது மாடி அடுப்படில நின்னுக்கிட்டிருந்தாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா ஒரு பக்கச் சுவரு அப்படியே போயிருச்சு, "அடுப்படில நின்னுக்கிட்டே எதிர்வீட்டுக்காரியோட பேசலாம்டா"ன்னு இப்ப சிரிச்சுக்கிட்டு சொல்றாங்க, அன்னிக்கு சிரிக்கல. 40 டிகிரி வெயில், பகல்ல ரோட்டோரம் பாய், ராத்திரி பக்கத்து வீட்டுக்காரரோட கார்ல உக்காந்தபடியே தூக்கம், அப்படி 4 நாள், கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. திஞ்சான் (ஏப்ரல் நடுவுல வர்ற பர்மாப் புத்தாண்டு) முடிஞ்சதும் நான் போய் கூட்டிட்டு வந்துட்டேன். எங்க வீடு 5வது மாடி.

ஏறுனவங்க ஏறுனவங்கதான், 3 மாசம் கீழ இறங்கல. ரங்கூன்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், பால்கனில இருந்து கயிறு தொங்கும், நுனில கிளிப்போ பையோ இருக்கும், கீழ காய்காரம்மா கட்டி விட்டா மேல இழுத்துக்கலாம். அத்தைக்கு அந்தக் கயிறுதான் காலுன்னு ஆயிருச்சு. மாண்டலேல தினம் மார்க்கெட்டுக்கு நடந்து, தண்ணி தூக்கி, கோயில் வாசல கூட்டிட்டு வந்த மனுஷி இங்க மேசைல ஒரு தண்ணி பாட்டில பாதி ரொப்பி வெச்சு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. தண்ணி ஆடுனா நிலநடுக்கம், ஆடலன்னா நம்ம தலதான் சுத்துது, அதான் கணக்கு. 2011 நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஜப்பான்லயும் நிறைய பேருக்கு பூமி சும்மா இருக்கறப்பவே ஆடுற மாதிரி இருந்துச்சாம், அதுக்கு தனியா பேரே இருக்கு.

ஜூலைல டெஸ்ட் எடுத்தா 3 மாச சராசரி சுகர் (HbA1c) 9.4, எடை 6 கிலோ கூடியிருக்கு. டாக்டர் மாத்திரைய கூட்டிட்டு, என்னப் பாத்து, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும், இவங்கள நடக்க வைங்க"ன்னாரு.

அன்னிக்கு ராத்திரி கரண்ட் இருந்த நேரமாப் பாத்து கொஞ்சம் தேடிப் படிச்சேன், படிச்சதும் தூக்கம் போச்சு. ஃபுகுஷிமால அணுஉலை விபத்துக்கு அப்புறம் ஊர விட்டு வெளியேறுனவங்கள 2011ல இருந்து வருஷாவருஷம் பரிசோதனை பண்ணிட்டு வர்றாங்க. அந்த ஜனங்களுக்கு எடை, பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாமே கூடியிருக்கு. கதிர்வீச்சுதான் காரணமா இருக்கும்னு நான் நெனச்சேன், ஆனா ஆராய்ச்சி பண்ணவங்க முக்கியமா சொல்றது வாழ்க்கை மாறிப்போனதத்தான். தோட்டம் துரவுன்னு திரிஞ்ச ஆளுங்கள கொண்டுபோய் சின்ன வீட்டுக்குள்ள அடைச்சா என்ன ஆகும், எங்க அத்தைய வந்து பாத்தா போதும். அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ்ல 2005 கத்ரினா புயலுக்கு அப்புறம் ஒரு ஆஸ்பத்திரில மாரடைப்போட வர்றவங்க பங்கு 3 மடங்கு ஆயிருக்கு, 10 வருஷம் கழிச்சும் அது இறங்கல. செத்தவங்க கணக்கு ஒரு மாசத்துல முடிஞ்சிருது, இந்தக் கணக்கு யாரு எழுதுறா?

சரி கிளாஸுக்கு வர்றேன். மொத்தம் 14 பேரு, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சொல்லிக் குடுக்கறது ஒரு சயாமா (டீச்சரம்மாவ இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க), முன்னாடி ஆஸ்பத்திரில பிசியோவா இருந்தவங்க. பாட்டு, குதிக்கிறது எல்லாம் கிடையாது. நாற்காலில உக்காந்து கைய ஊனாம எந்திரிக்கிறது, நாற்காலி முதுகப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கிறது, ரப்பர் பேண்ட் இழுக்கறது, குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்கறது. இந்தக் குதிகால் சமாச்சாரத்த மொத நாள் பாத்து "இதுக்கா 60,000"ன்னு மனசுக்குள்ள முனகுனேன். அப்புறம் சயாமாதான் சொன்னாங்க, கெண்டக்கால் சதை அமுங்கும்போதுதான் கால்ல இருக்கற ரத்தம் மேல ஏறும், அசையாம உக்காந்தே கிடந்தா அங்கயே கட்டிக்கும்னு. 2004ல ஜப்பான் நீகாதா நிலநடுக்கத்துல கார்ல படுத்துத் தூங்குனவங்களுக்கு இப்படித்தான் கால்ல ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போயி செத்தே போயிருக்காங்க. அத்தை கார்ல இருந்த 4 ராத்திரி ஞாபகம் வந்து எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

ரெண்டாவது வாரம் நடந்தத சொல்லியே ஆகணும். கிளாஸ் முடியறப்ப 5 நிமிஷம் கதவச் சாத்தி, லைட்ட அணைச்சு, கண்ண மூடி உக்கார வைப்பாங்க, ரிலாக்ஸாம். அன்னிக்கு கரண்ட் போச்சு, கீழ கடைக்காரரு ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணாரு, தரை விர்ர்ருன்னுச்சு. அத்தை கண்ணத் தொறந்து பாட்டிலப் பாத்தாங்க (ஆமா, கிளாஸுக்கும் பாட்டில் வரும்), தண்ணி நடுங்குது. அவ்வளவுதான், செருப்பு கூட போடாம, தமெய்ன (பர்மாப் பொம்பளைங்க கட்டற லுங்கி) ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு 3 மாடி இறங்கிட்டாங்க. முட்டி வலின்னு சேந்தவங்க! நான் பின்னாடியே ஓடுனா சந்து முனைல மொஹிங்கா (மீன் குழம்பு ஊத்துன நூடுல்ஸ்) கடை ஸ்டூல்ல உக்காந்து அழறாங்க. கடைக்காரம்மா ஒண்ணுமே கேக்காம ஒரு டம்ளர் வெறும் டீய கைல குடுத்துச்சு.

ஆபீஸ்ல போய் கீழ்த்தளத்துல ஒரு பேட்ச் வைக்கக் கூடாதான்னு கேட்டேன், அங்க இருந்த பையன் தலையத் தூக்காமயே "3வது மாடின்னு போர்டுலயே போட்டிருக்கே"ன்னான். இப்படிப்பட்டவங்கள வெச்சுக்கிட்டு லைட்ட அணைக்கறது, கதவச் சாத்தறது, இதெல்லாம் யோசிக்க வேணாமா? ஆனா அடுத்த கிளாஸுக்கு எப்படியோ கெஞ்சிக் கூட்டிட்டுப் போனா, சயாமா அத்தையோட நாற்காலிய கதவு பக்கத்துல போட்டு, கதவு சாத்தாம இருக்க ஒரு செங்கல் முட்டு குடுத்து வெச்சிருக்காங்க. செருப்பும் நாற்காலிக்கு அடில. ஒரு வார்த்தை பேசல, "தித், நித், தோங்"னு பர்மாப் பேச்சுல ஒண்ணு ரெண்டு மூணு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ரிலாக்ஸும் அதுல இருந்து லைட்டப் போட்டுக்கிட்டுதான். 60,000ல 50,000 அந்தச் செங்கல்லுக்கே குடுக்கலாம்.

இன்னொரு லாபம் கூட வர்ற ஆளுங்க. ரங்கூனுக்கு ஆத்துக்கு அக்கரைல இருக்கற டலா பக்கத்துக்காரரு ஒரு தமிழ்த் தாத்தா வர்றாரு, இப்ப மகன் வீட்டோட ரங்கூன்ல இருக்காரு. 2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல்ல வீடு மொத்தமா போச்சு. செத்ததும் காணாமப் போனதுமா 1,38,000 பேருன்னு சொன்ன அந்தப் புயல்தான். அதுவரைக்கும் வயல் வேலை பாத்த மனுஷன மகன் கூட்டிட்டு வந்து டிவி முன்னாடி உக்கார வெச்சுட்டாரு, பாசம்தான், 3 வருஷத்துல சுகரு, பிரஷரு, அப்புறம் ஒரு அட்டாக்கு. "புயல் என்னைய விட்டுருச்சும்மா, நாற்காலிதான் பிடிச்சுக்கிச்சு"ன்னு அத்தைகிட்ட சொல்லிருக்காரு. நான் 4 மாசமா தொண்ட வத்த சொன்னது ஏறல, இது ஏறிருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து நாற்காலி, இவங்க மாண்டலேயப் பத்தி, அவரு டலாவப் பத்தி, எக்சர்சைஸ் பாதி வாயிலதான். பரவால்ல. இவானுமான்னு ஒரு ஜப்பான் ஊர்ல சுனாமிக்கு அப்புறம் வயசானவங்களப் பாத்ததுல, கூட்டமா சேந்து எக்சர்சைஸ் பண்றத, நடக்கறத கூட்டிக்கிட்டவங்களுக்கு மனசோர்வு கொறஞ்சிருந்துச்சாம். வீட்டுல யூடியூப் போட்டுக் குடுத்தா போதாதான்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதான்.

பலன் என்னன்னா, மொத நாள் 30 செகண்டுல கைய ஊனி 5 தடவ எந்திரிச்சாங்க, இப்ப ஊனாம 11. சுகர் 9.4ல இருந்து 7.8, ஆனா மாத்திரையும் கூட்டுனதால முழுப் பேரையும் கிளாஸுக்குக் குடுக்க முடியாது. எடை 2 கிலோதான் இறங்கியிருக்கு, மொஹிங்கா கடையோட உபயம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு கொறஞ்சது 150 நிமிஷம்னு சொல்லுது, இவங்க குடுக்கறது 135, அதுலயும் பாதி நேரம் உக்காந்துதான். வீட்டுல இருந்து நடந்தே போய்ட்டு வந்தா மிச்சம் சரியாயிரும், நாங்க அப்படித்தான், ஆகஸ்ட் மழைல கூட குடை பிடிச்சுக்கிட்டு. பிளாட்ஃபாரப் பலகை பாதி ஒடஞ்சு கிடக்கும், கையப் பிடிச்சுக்கோங்க.

மத்த குறை: பிரஷர் மிஷின் பேட்டரி தீந்து ரெண்டு வாரம் அப்படியே கிடந்துச்சு, பிரஷர்காரங்க கிளாஸ்ல இது மன்னிக்கவே முடியாது. லீவு விட்ட நாளுக்கு காசும் கழிக்கல, வேற நாளும் குடுக்கல. டாய்லெட் 2வது மாடில.

5க்கு மூணரை. அந்த ஒன்றரை ஆபீஸ்காரங்களுக்குக் கொறச்சது, சயாமாவுக்கு இல்ல. புதுசா போறவங்க நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது இருந்தா டாக்டரக் கேட்டுட்டுப் போங்க, துண்டு கொண்டு போங்க, 7 மணி பேட்ச்ல கதவு ஓரத்து நாற்காலில மட்டும் உக்காராதீங்க, அது எங்க அத்தையோடது. இப்ப கீரை வாங்க அவங்களே கீழ இறங்குறாங்க. வெங்காயம் உருளக்கிழங்குன்னா இன்னமும் கயிறுதான், நேத்து கீழ நின்னு பையக் கட்டுனது அவங்க, 5வது மாடில இருந்து இழுத்தது நான்.