எஸ்தொய்... அப்புறம் எந்தச் சொல்?

மாட்ரிட்டில் ஒரு பெண். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்கிறாள். போனில் தங்கை, "எப்படிக்கா இருக்கே?" என்கிறாள். ஸ்பானிஷில் நான் எழுதிப் பழகும் கதையின் கடைசிக் காட்சி இது. 'எஸ்தொய்' என்று தொடங்கிவிட்டேன், 'நான் இருக்கிறேன்' என்று. எப்படி இருக்கிறாள்? அங்கேதான் ஒரு வாரமாக நிற்கிறேன்.

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கும் நமக்கு முதலில் கைக்கு வருவது, ஆங்கில 'டெவஸ்டேட்டட்' போலவே ஒலிக்கும் 'தெவஸ்தாதா'. போரும் வெள்ளமும் சூறையாடிய நிலத்துக்குச் சொல்கிற சொல். மனிதர்களுக்கும் சொல்வார்கள், தப்பில்லை. ஆனால் அக்கா தங்கையிடம் பேசுகிற இடத்தில் அது செய்தித்தாள் மாதிரி ஒலிக்கிறது.

'அகொத்தாதா'வுக்குள் 'கோத்தா', அதாவது சொட்டு, இருக்கிறது. கடைசிச் சொட்டும் வற்றியவள். அழகான சொல்தான். ஆனால் டிக்கெட் தீர்ந்துபோனால் கவுன்ட்டரில் எழுதுவதும் இதே சொல். சோர்வு முழுசாக வருகிறது, துக்கம் வரவில்லை. 'மொலீதா' அரைபட்டவள்; காபித்தூள் பாக்கெட்டிலும் இதன் ஆண்பால் 'மொலீதோ' இருக்கும். நம் 'அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு'வுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் உடம்போடு நின்றுவிடும்.

'தெஸ்த்ரொசாதா' என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது. 'த்ரோசோ' என்றால் துண்டு. இவள் துண்டு துண்டாகிப் போனவள். இரங்கல் சொல்ல வந்தவர்களிடம் அவள் இதைச் சொன்னால் பொருந்தும். ஆனால் சாவு வீட்டில் இந்தச் சொல் துக்கமாக மட்டும்தான் கேட்கும். தூங்காத அந்த மூன்று மாதம் அதில் காணாமல் போகிறது.

கடைசியில் நான் எடுத்தது 'எச்சா போல்வோ'. தூளாகிப் போனவள். ஸ்பெயினில் வீடு மாற்றி அலுத்தவரும் சொல்வார், காதல் முறிந்தவரும் சொல்வார். உடம்பும் மனசும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆணாக இருந்தால் 'எச்சோ' என்று மாறும், 'போல்வோ' மாறாது. பேச்சு வழக்குதான், இரங்கல் கடிதத்தில் எழுத மாட்டேன். கதை அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் நடந்திருந்தால், இதே பொருளில் அவள் 'எச்சா போல்சா' என்றிருப்பாள்.

அப்புறம் சின்ன மௌனம் விட்டு, 'நோ புயெதோ மாஸ்'. "இதுக்கு மேல முடியல." முன்பின்னாக மாற்றியும் பார்த்தேன். அந்த வாக்கியம் முதலில் வந்தால் தங்கை பயந்துபோய், போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.