காலை நடையா, சாப்பிட்ட பின் நடையா?

தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அதை விடியற்காலையில் ஒரேயடியாக நடப்பதா, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடப்பதா?

சர்க்கரைதான் கவலை என்றால், பிரித்து நடப்பதற்கே என் ஓட்டு. சோறோ இட்லியோ சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்கிவிடும். அப்போது கால் தசைகள் வேலை செய்தால், இன்சுலினை அதிகம் நம்பாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்த முதியவர்கள் வேளைக்கு 15 நிமிடம் சாப்பிட்டபின் நடந்தார்கள். காலையில் தொடர்ந்து 45 நிமிடம் நடந்ததற்கு இணையான பலன் நாள் முழுவதும் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தை இது இன்னும் நன்றாகவே அடக்கியது. பத்துப் பேரிடம் மட்டும் நடத்திய சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம் வீடுகளில் இரவு டிபன் முடிந்ததும் நேராக டிவி முன் உட்காருவதை நினைத்தால், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

மனசுக்கு? அங்கே காலை நடை முந்துகிறது. காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடல் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. இரவில் நேரத்தோடு தூக்கம் வருகிறது. தூக்கம் சரியானால் எரிச்சலும் குறையும். மொட்டை மாடியில் நடந்தாலும் போதும், டிரெட்மில்லில் அந்த வெளிச்சம் கிடைக்காது.

இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டே காலை நடையைத் தொடங்குங்கள்.