சி டிரைவ் ஃபுல்லுன்னு சிஸ்டத்த கடைக்கு குடுக்கறவங்க இத படிச்சிட்டு குடுங்க (தர்மபுரி)

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடை, பேரு போடல, அங்க எங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். பழைய அசெம்பிள்டு மெஷின், 1 டிபி ஹார்ட் டிஸ்க், சி டிரைவுக்கு வெறும் 100 ஜிபி ஒதுக்கிட்டு மிச்சம் மொத்தமும் டி டிரைவ். சி-ல செவப்பு கோடு வந்துருச்சு, விண்டோஸ் அப்டேட் ஏறல, பொண்ணு காலேஜ் பிராஜக்ட்ட சேவ் பண்ணா இடமில்லங்குது.

கடைக்காரர் பாத்துட்டு "மெமரி தீந்துருச்சு சார், எக்ஸ்ட்ரா மெமரி போட்டுரலாம், 2,500 ஆகும், டேட்டாவுக்கு நான் கேரண்டி"ன்னார். டி-ல குடும்ப போட்டோ பூரா இருக்குதுங்கன்னு அழுத்தி சொல்லிட்டுதான் வந்தேன்.

வீட்டுக்கு கொண்டாந்து ஆன் பண்ணா சி-ல 800 ஜிபிக்கு மேல காலியா இருக்கு, டி டிரைவ காணோம். சரி புதுசா டிஸ்க் போட்டிருந்தா மொத்த அளவு கூடியிருக்கணும்ல, 1 டிபி டிஸ்க்க விண்டோஸ் 931 ஜிபின்னுதான் காட்டும், முன்ன சி-யும் டி-யும் சேத்தா அந்த 931 தான், இப்பவும் அதே 931. கேபினெட்ட கழட்டி பாத்தா அதே பழைய டிஸ்க், அது மேல இருந்த தூசில ஒரு விரல் ரேக கூட இல்ல! டி-ய டெலிட் பண்ணிட்டு அந்த எடத்த சி-யோட சேத்து விட்டிருக்காரு, அவ்ளோதான். விண்டோஸ்லயே இருக்கற டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல அஞ்சு நிமிஷ வேல, ஆனா சி-ய ஒட்டினாப்ல காலி எடம் இருந்தாதான் அதுல எக்ஸ்டெண்ட் ஆகும், அதுக்கு எங்க போட்டோவ பலி குடுத்துட்டாரு.

போய் கேட்டா "நீங்கதான சார் எடம் வேணும்னீங்க"ங்கறாரு. என்னா நெஞ்சழுத்தம் பாருங்க. பில்லுன்னு ஒரு துண்டு சீட்டுல "சர்வீஸ் 2,500", அவ்ளோதான்.

இந்த மாதிரி ஆச்சுன்னா உடனே ஆஃப் பண்ணிருங்க, அதுல ஒன்னும் காப்பி பண்ணாதீங்க, இன்ஸ்டால் பண்ணாதீங்க. ஹார்ட் டிஸ்க்குல பார்ட்டிஷன் (சி, டி-ன்னு பிரிச்ச பகுதி) போனாலும் மேல வேற ஏதாவது எழுதாத வரைக்கும் டேட்டா உள்ளயே கெடக்கும், எஸ்எஸ்டி-யா (சிப்புல சேமிக்கற டிஸ்க்) இருந்தா ட்ரிம்னு ஒரு வசதி அழிச்ச எடத்த சுத்தமா தொடச்சிரும், கெடைக்கறது கஷ்டம். எங்களுது ஹார்ட் டிஸ்க்கா போச்சு, தெரிஞ்ச தம்பி ஒருத்தர் டிஸ்க்க கழட்டி அவரு மெஷின்ல மாட்டி முக்காவாசி மீட்டு குடுத்தாரு. ஆனா ஃபோல்டரும் இல்ல பேரும் இல்ல, எல்லாம் வெறும் நம்பரு, காதுகுத்து எது கிரகப்பிரவேசம் எதுன்னு வீட்டுக்காரம்மா ஒவ்வொன்னா தொறந்து பிரிச்சிட்டு இருக்காங்க.

இதுல கொடும என்னன்னா அந்த தம்பி சி-ய அலசி பாத்து "பாதி குப்பைண்ணா"ன்னாரு. டவுன்லோட்ஸ்ல ஒரு கல்யாண வீடியோ, விண்டோஸ்.ஓல்ட்னு முன்ன இருந்த விண்டோஸோட பழைய ஃபோல்டர், டெம்ப் ஃபைலு, ஹைபர்னேஷனுக்குன்னு (தொறந்திருக்கற வேலைய அப்படியே சேமிச்சு ஆஃப் ஆகறதுக்கு) சில ஜிபி. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ்னு போனா எது எவ்ளோ எடம் புடிக்குதுன்னு அதுவே காட்டுது, டெம்பரரி ஃபைல்ஸ்ல டிக் பண்ணி ரிமூவ் குடுத்தா போதும், ஒத்த ரூபா செலவில்ல. அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸும் இருக்கும், அத மட்டும் பாக்காம டிக் பண்ணிராதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன், துண்டு சீட்டும் ஸ்க்ரீன்ஷாட்டும் பத்திரமா இருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேற யாருக்காவது இதே மாதிரி டி டிரைவ் காணாம போயிருந்தா இன்பாக்ஸ் வாங்க, சேந்து குடுக்கலாம்.