இட்ச் டாட் ஐஓ: கேம் செஞ்சவங்க கைக்கு காசு போற கடை

நாம குடுக்குற காசுல கேம் செஞ்சவங்களுக்கு எவ்ளோ போகுதுன்னு பாத்துதான் இப்பல்லாம் எந்த கடையில வாங்குறதுன்னே முடிவு பண்றேன், அந்த கணக்குல, சின்ன டெவலப்பர்ங்க (கேம் செய்றவங்க) தாங்க செஞ்ச கம்ப்யூட்டர் கேம நேரா விக்கிற ஆன்லைன் கடையான இட்ச் டாட் ஐஓவ அடிச்சிக்க ஆளே இல்ல. விக்கிற காசுல கடைக்கு எத்தன சதவீதம்னு டெவலப்பரே வச்சுக்கலாம். எதுவும் மாத்தலன்னா 10, வேணாம்னா 0 கூட போடலாம். 2015லேர்ந்தே இப்படித்தான். பேமென்ட் கம்பெனி எடுக்குற கட்டணம் மட்டும் தனி.

கம்ப்யூட்டர் கேம் விக்கிறதுல பெரிய கடையான ஸ்டீம் எடுக்குறது 30 சதவீதம். சரி, அவங்க குடுக்குறதும் நெறைய, கிளவுட் சேவ் (ஆடுன வரைக்கும் ஆன்லைன்ல சேமிச்சு வைக்கறது), ஒர்க்ஷாப் (ஆடுறவங்க கேமுக்கு செஞ்ச கூடுதல் சமாச்சாரங்கள பகிர்ற இடம்), ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆடிட்டு புடிக்கலன்னா 14 நாளுக்குள்ள ரீஃபண்ட், எல்லாத்துக்கும் மேல வாங்க வர்ற அந்த கூட்டம். அதுக்கு ஒரு பங்கு கேக்குறது நியாயம்தான், நான் இல்லங்கல. ஆனா 2018ல பங்க கொறச்சாங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசே ஆறல. ஒரு கேம் 1 கோடி டாலர் வித்தா அதுக்கு மேல வர்றதுக்கு 25, 5 கோடி தாண்டுனா 20. அப்போ ராத்திரி பகலா தனியா உக்காந்து கேம் செஞ்சவர் கடைசி வரைக்கும் 30 குடுக்கணும், ஏற்கனவே கோடிகள்ல சம்பாதிச்சவங்களுக்கு சலுகையா? தலைகீழால்ல இருக்கு.

இன்னொரு கேம் கடையான எபிக் 12தான் எடுக்குது, 2025 ஜூன்லேர்ந்து ஒரு கேமுக்கு வருஷத்துல முதல் 10 லட்சம் டாலர் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. சின்னவங்களுக்கு மொதல்ல தளர்வு, இப்படித்தான் இருக்கணும். ஆனா ஷாப்பிங் கார்ட் வரவே 2021 கடைசி ஆச்சு, கடையா அது இன்னும் எனக்கு ஒட்டல.

இட்ச்லயும் குறை இருக்கு. யார் வேணா ஏத்தலாம்ங்கறதால அரைகுறையா விட்டது, ஒரு வார ஜாம்ல (குறிச்ச நேரத்துக்குள்ள கேம் செய்ற போட்டி) செஞ்சதுன்னு குவிஞ்சு கிடக்கும், நல்லத தேடி எடுக்க பொறுமை வேணும். ஸ்டீம் அளவுக்கு கூட்டம் இல்லாததால இத மட்டும் நம்பி ஒரு டெவலப்பர் பொழைக்கறது கஷ்டம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனா போட்ட விலைக்கு மேல நாமளே சேத்து குடுக்கலாம், போன மாசம் ஒரு சின்ன பசில் கேமுக்கு ரெண்டு மடங்கா குடுத்தேன், அவ்ளோ புடிச்சுது.

இப்போ ஸ்டீம் விஷ்லிஸ்ட்ல இருக்குற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இட்ச்ல இருக்கான்னு ஒரு தடவ தேடிடுறேன், சில டெவலப்பர்ங்க அங்க வாங்குனா ஸ்டீம் கீயும் (அதே கேம ஸ்டீம்லயும் சேத்துக்கற கோட்) சேத்தே குடுக்குறாங்க.