தேசியக் கலைக்கூடத்தின் மூன்று ஓவியர் படங்கள்: வகுப்பறைக்கு எது உதவும்?

வாஷிங்டன் நகரிலுள்ள தேசியக் கலைக்கூடம், ஆண்ட்ரூ மெல்லன் என்ற செல்வந்தர் அளித்த கொடையைக் கொண்டு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டு, 1941இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. அதே போக்கில், தான் தயாரித்த கல்வி ஆவணப்படங்களையும் அது பள்ளிகளுக்குப் பல ஆண்டுகள் இலவசமாக இரவல் கொடுத்து வந்தது. அவற்றுள் எட்வர்ட் ஹாப்பர், ஜார்ஜ் பெல்லோஸ், வின்ஸ்லோ ஹோமர் ஆகிய அமெரிக்க ஓவியர் மூவரைப் பற்றிய படங்களை மேல்நிலை வகுப்பு மாணவர்களை மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

மூன்றிலும் முதலிடம் ஹாப்பர் படத்துக்கே. 2007ஆம் ஆண்டுக் கண்காட்சியை ஒட்டி வந்த இப்படத்துக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் ஸ்டீவ் மார்ட்டின். அவரே ஹாப்பர் ஓவியங்களைச் சேகரித்தவர் என்பதாலோ என்னவோ, நடிகருக்குரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் அடக்கமாகப் பேசுகிறார். பழைய புகைப்படங்களோடு, ஹாப்பர் வரைந்த நியூயார்க் தெருக்களும் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் கடலோர இடங்களும் இன்று இருக்கும் நிலையில் திரையில் வருகின்றன. இதுதான் படத்தின் பெரும்பலம் என்பேன். இடத்தையும் ஓவியத்தையும் அடுத்தடுத்துக் காணும் மாணவர், ஓவியர் எதைக் கண்டார் என்பதைவிட எதை விட்டுவிட்டார் என்பதையே முதலில் கவனிப்பார். 1942இல் வரைந்த ‘நைட்ஹாக்ஸ்’ ஓவியத்தில் நள்ளிரவு உணவகத்துக்குள் நால்வர் இருக்கிறார்கள்; ஆனால் தெருவிலிருந்து உள்ளே செல்ல ஒரு கதவுகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை ஆசிரியர் சொல்லிவிடாமல் மாணவரே கண்டுபிடிக்க விட வேண்டும்.

ஹாப்பருக்குத் திரைப்படங்கள் மீது இருந்த ஈடுபாட்டையும், 1930களின் குற்றக் கும்பல் படங்கள் அவர்மீது செலுத்திய தாக்கத்தையும் படம் எடுத்துக்காட்டுகிறது. ஆனால் அதே காரணத்தால் ஓர் ஆபத்தும் உண்டு: ஹாப்பரின் ஓவியங்கள் ஏற்கெனவே திரைக்காட்சியின் சாயலோடு இருப்பதால், கேமரா அவற்றின்மீது நகரத் தொடங்கியதுமே நமக்குள் ஒரு கதை ஓட ஆரம்பித்துவிடுகிறது, ஓவியமோ எந்தக் கதையையும் முடித்துச் சொல்வதில்லை. குரலும் இசையும் நிற்கும் இடங்கள் இன்னும் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ஓவியம் துண்டு துண்டாகத் திரையில் வரும்போது அதன் அளவு மாணவருக்குப் புரிவதில்லை என்பது இவ்வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை. வகுப்பில் காட்டுபவர் முழு ஓவியம் தோன்றும் இடங்களில் படத்தை நிறுத்தி, ஒலியை அணைத்து, இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்வது நல்லது.

பெல்லோஸ் படத்தை இதற்கு அடுத்ததாகக் காட்டுவதே பொருத்தம். ஹாப்பரும் பெல்லோஸும் 1882இல் பிறந்தவர்கள். இருவரும் நியூயார்க்கில் ராபர்ட் ஹென்றி என்ற ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். பெல்லோஸ் இருபத்தாறு வயதிலேயே தேசிய ஓவியக் கழகத்தின் இணை உறுப்பினராகி, 1925இல் குடல்வால் வெடித்து, நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார்; ஹாப்பரோ நாற்பதைத் தாண்டும் வரை விளம்பரப் படங்கள் வரைந்தே பிழைத்தார். ஹாப்பர் தம் ஓவியங்களிலிருந்து விலக்கிய கூட்டத்தைப் பெல்லோஸ் முண்டியடிக்கும்படி உள்ளே சேர்த்தார். ‘நியூயார்க்’ என்ற பெயரில் பெல்லோஸ் 1911இல் வரைந்த நெரிசலான சதுக்கம், உண்மையில் நகரத்தின் பல பகுதிகளைச் சேர்த்துக் கற்பனையில் கட்டிய காட்சி. குத்துச்சண்டை ஓவியங்களில் இரத்தமும் வெறியும் உண்டு. சிறு பிள்ளைகளுக்குக் காட்டுமுன் ஆசிரியர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

1986இல் வந்த ஹோமர் படத்தில் வயதின் தடம் தெரிகிறது. நடை மெதுவானது, படத்தின் தெளிவும் இன்றைய கண்ணுக்குப் போதாது. ஆனாலும் உள்நாட்டுப் போர்க்களத்தில் பத்திரிகைக்கு வரைந்த இளைஞர் மெய்ன் மாநிலக் கடற்கரையில் தனித்து வாழும் முதியவராக மாறியது ஒரே சீராக விரிகிறது. இக்கலைக்கூடத்திலேயே இருக்கும் ‘ப்ரீசிங் அப்’ என்ற படகு ஓவியத்தை ஆசிரியர் தனியாகவும் எடுத்துக்கொள்ளலாம்: அகச்சிவப்புக் கதிர் ஆய்வில், பாய்மரத்தருகே முதலில் இன்னொரு சிறுவனும் தொலைவில் மற்றொரு கப்பலும் இருந்து, பின்னர் ஹோமராலேயே அழிக்கப்பட்டது தெரியவந்திருக்கிறது.

இம்மூன்றை மட்டும் பார்த்து அமெரிக்க ஓவியம் இதுதான் என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. மூவரும் வடகிழக்கு மாநிலங்களில் பெயர் பெற்ற வெள்ளையர். தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்களை 1940-41இல் அறுபது பலகைகளில் வரைந்த ஜேக்கப் லாரன்ஸைத் தனியே ஒரு வகுப்பில் சேர்த்தே ஆக வேண்டும். உரை முழுவதும் ஆங்கிலத்தில் என்பதால், தமிழ்வழியில் பயிலும் மாணவர்களுக்கு ஓவியர் பெயர்களையும் இடங்களையும் முன்கூட்டியே பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஹாப்பர் படத்தை முழுமையாகவும் மற்ற இரண்டையும் பகுதி பகுதியாகவும் காட்டலாம்.