வீட்டு கேட்டை 'ஸ்மார்ட்' ஆக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

தீபாவளிக்கு முன் கேட், ஐந்து விளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கைப்பேசியில் இயக்க, ஒரு குத்தகையாளரிடம் (கான்ட்ராக்டர்) 3,800 ரிங்கிட் கொடுத்தேன். பினாங்கு செபராங் ஜெயாவில் எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அவர்தான் போட்டார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஹால் விளக்கு எரிந்தது. மனைவி தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். பார்த்தால் பக்கத்தில்தான் தூங்குகிறாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா மகன் மடிக்கணினியோடு வந்தான். இந்தச் சாதனங்கள் பேசிக்கொள்வது எம்கியூடிடி (MQTT) என்ற செய்தி முறையில். நடுவே புரோக்கர் என்று ஒரு சர்வர் செய்திகளை வாங்கி, கேட்டவர்களுக்கு அனுப்பும். எங்களுடையது குத்தகையாளரின் சர்வர், போர்ட் (சர்வரின் நுழைவாயில் எண்) 1883, பாஸ்வேர்டே இல்லை. அவன் 'எல்லாச் செய்தியும் வேண்டும்' என்று பொருள்படும் ஒரே ஒரு ஹேஷ் குறி (#) போட்டு எல்லாவற்றையும் கேட்டான். வரிவரியாக ஓடியது: எங்கள் கேட், எங்கள் தொட்டி, ஆயர் ஈத்தாமில் யார் வீட்டு ஏர்கானோ, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கேட், 'திறந்தது' என்று.

"மாமா, இங்கிருந்தே மூடிக் காட்டவா?"

வேண்டாம்டா சாமி.

குத்தகையாளரைக் கூப்பிட்டால், "அண்ணே, இது லைட்வெயிட் புரோட்டோகால். பாஸ்வேர்ட் போட்டா கனமாயிடும்" என்கிறார். சுத்தப் பொய். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது இந்த எம்கியூடிடி. சின்னச் செய்தியின் முன்னால் ஒட்டும் நிலையான ஹெடர் 2 பைட்டிலேயே அடங்கும். பாஸ்வேர்ட் போவதோ இணைப்பு தொடங்கும்போது ஒரே தடவை. இதில் கனம் எங்கே வந்தது?

இன்னும் வயிறெரிய வைத்தது வேறு. அவர் சர்வரில் ஓடுவது மஸ்கிட்டோ என்ற புரோக்கர் மென்பொருள், 2.0-க்குப் பிந்தைய வெர்ஷன். கேட்டால் அதுவே சொல்கிறது. 2020-இல் வந்த 2.0-இலிருந்து, அடையாளம் காட்டாத ஆட்களை வெளியிலிருந்து அது தானாக உள்ளே விடாது. யாரோ உட்கார்ந்து 'விடு' என்று எழுதிவைத்தால்தான் விடும். மறதி என்று எப்படி நம்புவது?

வேலை கொடுக்குமுன் கேளுங்கள்: புரோக்கர் யாருடையது, வீட்டுக்கு வீடு தனிப் பாஸ்வேர்ட் உண்டா, மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) 8883 போர்ட்டில் ஓடுமா? பாஸ்வேர்ட் மட்டும் போட்டு 1883-இலேயே விட்டால் அந்தப் பாஸ்வேர்டும் வழியில் அப்படியே படிக்கக் கிடைக்கும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுத்திருக்கிறேன். கேட்டில் இப்போது பழைய பித்தளைப் பூட்டு தொங்குகிறது.