ஒரு இருமலுக்கு இரண்டு மருத்துவமனை

நாலு வார விடுமுறை. நன்றாக நடந்ததை எல்லாம் எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள், எனக்கும் அதில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஒரு பச்சைத் திரையும், அதற்குப் பின்னால் ஒரு டாக்டர் அப்பாவிடம் சொன்ன "படுங்க" என்ற ஒற்றை வார்த்தையும்தான்.

வந்திறங்கிய அன்றே அப்பா என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை, வலது தொடை இடுக்கைக் கையால் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". ராத்திரி அம்மாதான் சொன்னாள். இரண்டு வருஷமாக அங்கே ஒரு வீக்கம், நின்றால் வருகிறது, படுத்தால் போய்விடுகிறது, உன்னிடம் மூச்சு விடக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறார் என்று. வாரம் மூன்று தடவை வீடியோவில் பேசுகிறோம், என்ன பிரயோஜனம்? அதில் முகம் மட்டும்தானே தெரிகிறது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வயிற்றுச் சுவரில் தசை பலவீனமான ஓர் இடத்தின் வழியே குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குகிறது, அவ்வளவுதான் ஹெர்னியா. ஆண் குழந்தைக்கு விரைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறக்கும் முன் தொடை இடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கிய அந்தப் பாதை ஆயுள் முழுக்கக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். நாலு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. அப்பாவோ ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி, யாரோ சொன்னார்கள் என்று ஒரு பெல்ட்டை வாங்கி வேட்டிக்குள் ஒளித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதையும் நின்றபடி, துருத்திக்கொண்டிருக்கும் வீக்கத்தின் மேலேயே இறுக்கி! பெல்ட்டால் ஓட்டை அடைபடாது. கட்டத்தான் வேண்டுமென்றால்கூட, படுத்து, உள்ளே போன பிறகு கட்ட வேண்டும்.

சரி, முதல் மருத்துவமனை. பெயர் வேண்டாம். டோக்கன், காத்திருப்பு, நடுவில் புகுந்து போகிறவர்கள், உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தும் நின்றும் அப்பாவுக்கு வீக்கம் நன்றாகவே வெளியே வந்திருந்தது, நடையைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே கூப்பிட்டதும் உதவியாளர் அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். என்னைத் திரைக்கு வெளியே போகச் சொன்னது அப்பாதான். டாக்டர் வர இன்னும் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் வீக்கம் சாவகாசமாக உள்ளே போய்விட்டது.

டாக்டர் வந்தார். படுத்திருந்தவரிடமே "படுங்க" என்றார். "இங்கயா? வலிக்குதா?" "இப்ப இல்ல சார்." "ஒண்ணும் தெரியலையே, தசைப்பிடிப்புதான்." ஒரு களிம்பு, ஐந்து நாளுக்கு வலி மாத்திரை. முழுசாக இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

படுத்தால் போய்விடும் என்பதுதான் இந்த வியாதியின் முதல் அடையாளமே! படுக்க வைத்து மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்றால் எப்படி? நான் திரையை விலக்கிக் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஒண்ணுமில்லன்னுட்டாரு." நான் அன்றைக்கு வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. சின்ன வயதில் எங்களைப் பார்த்த டாக்டர் ஒருவர் இருந்தார், வாசலிலிருந்து நாற்காலிக்கு நாம் நடந்து வருவதையே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆறடி தூரத்திலேயே பாதி தெரிந்துவிடும் அவருக்கு. அப்படி யாராவது ஒருவர் போதும் என்றிருந்தது.

இப்படிச் சொல்வதால் நான் இருக்கும் நாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அங்கே நிற்க வைத்துப் பார்ப்பார்கள், படம் போட்ட எட்டுப் பக்கத் துண்டறிக்கை தருவார்கள், அப்புறம் அறுவைக்குத் தேதி வர என்னோடு வேலை செய்கிறவர் பதினோரு மாதம் காத்திருந்தார். அந்த எட்டுப் பக்கமும் அவருக்கு மனப்பாடம்.

இரண்டாவது இடம் ஒரு சின்ன மருத்துவமனை. டாக்டர் இளவயதுப் பெண் என்று தெரிந்ததும் அப்பா திரும்பிப் போகத் தயாராகிவிட்டார். நான் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். திரைக்குப் பின்னால் குரல் கேட்டது: "எழுந்து நில்லுங்க ஐயா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டு நல்லா இருமுங்க." ஒரு இருமல். "இந்தா, வந்துட்டாருல்ல." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பாகவும் இருந்தது. இடது பக்கத்தையும் பார்த்தார். மலச்சிக்கல் உண்டா, சிறுநீர் முக்கிப் போக வேண்டியிருக்கிறதா, நாள்பட்ட இருமலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், அதைச் சரிசெய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்து என்ன லாபம்?

வலியே இல்லாத ஆணாக இருந்தால் உடனே அறுவை வேண்டாம், கவனமாக இருந்து பார்க்கலாம், ஆனால் அப்படிக் காத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பத்து வருஷத்துக்குள் வலி தாங்காமல் வந்துவிடுகிறார்கள் என்றார். அப்பாவுக்கு வலி இருந்ததால் வலை வைத்துத் தைப்பது என்று முடிவானது. கூட வந்திருந்த அத்தை "இது ஆம்பளைங்களுக்கு வர்றதுதானே?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பெண்களுக்கும் வரும். அதிலும் தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே வருகிற ஒரு வகை பெண்களுக்குத்தான் அதிகம், சின்னதாக இருப்பதால் கண்ணில் படாது, குடல் அதில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதலாம்.

அறுவைக்கு இருந்த ஐந்து நாளுக்கும் ஒரு காகிதத்தில் தமிழிலேயே எழுதித் தந்தார். படுத்தும் வீக்கம் உள்ளே போகவில்லை, கல் மாதிரி ஆகிவிட்டது, தோல் சிவந்தோ கருத்தோ போகிறது, வாந்தி வருகிறது, காற்றுப் பிரியவில்லை, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் வந்துவிட வேண்டும். பலவந்தமாக உள்ளே தள்ளக் கூடாது, வாயில் எதுவும் கொடுக்கவும் கூடாது. குடலுக்கு ரத்தம் போவது நின்றுவிட்டால் மணிக்கணக்கில்தான் அவகாசம். அந்தக் காகிதத்தை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது வார்டு சிஸ்டரைப் பற்றி. சிறுநீர் கழித்தால்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்று அப்பாவைக் குழந்தை மாதிரி மிரட்டினார், சிலருக்கு அறுவைக்குப் பின் அது அடைத்துக்கொள்ளுமாம். நேராக எழக் கூடாது, ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி எழ வேண்டும் என்று காலிக் கட்டிலில் தானே படுத்துச் செய்து காட்டினார். இருமல் வந்தால் தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடிக்கணும். விரைப்பை வீங்கி நீலம் பாரித்தால் பயப்பட வேண்டாம், ரத்தம் கீழே இறங்குவதுதான், சில நாளில் வடியும். ஆனால் காய்ச்சலோ சீழோ வந்தால் உடனே போன். வலி மாத்திரையில் சில வகை மலத்தை இறுக்கும், அதனால் தண்ணீரும் நார்ச்சத்தும் முதல் நாளிலிருந்தே.

வீட்டில்தான் அடுத்த சண்டை. ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறதென்று நான் கத்திப் பார்த்தேன், எடுபடவில்லை. சிஸ்டரின் குரலை ஸ்பீக்கரில் போட்டதும் அப்பா எழுந்து நடந்தார். பாரம் தூக்குவது மட்டும் ஆறு வாரத்துக்கு இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் முதல் மருத்துவமனையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், உங்கள் கருத்து என்ன என்று கேட்டு. பக்கம் பக்கமாக எழுதினேன், பெட்டி 160 எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு "நோயாளியை எழுந்து நின்று இருமச் சொல்லவும்" என்று மட்டும் அனுப்பினேன். நன்றி, மீண்டும் வருக என்று பதில் வந்தது.